மோட்டார்ஹோமின் வெளித்தோல்: அடையாளத்தை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டியை, சாலை ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். முகப்பில் கல் அடிக்கிறது, பின்சுவரில் புழுதி சுழன்று வந்து அப்புகிறது. மேலே வெயிலும் மரக்கிளையும், கீழே சேறும் உப்பும். அதனால் ஏதோ ஒரு பாட்டிலை வாங்கிப் பூசுவதற்கு முன்னால் சேதம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வியையும் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது அழகைத்தான் கெடுக்கிறதா, இல்லை தண்ணீரை உள்ளே விடுகிறதா? அழகுப் பிரச்சினை அடுத்த மாதம்வரை காத்திருக்கும். தண்ணீர்ப் பிரச்சினையை இன்றைக்கே பார்க்க வேண்டும். ஒரு சின்ன விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் சுவருக்குள் இருக்கும் மரத்தை ஊறவைத்துவிட்டால், செலவு பெயின்ட் வேலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும்.

## தொடங்குமுன் இரண்டு வேலை

வண்டியைக் கழுவி, நிழலில் காயவிட்டுப் பிறகு பாருங்கள். அழுக்கோடு பார்த்தால் தார்ப் புள்ளியும் பெயின்ட் பெயர்ந்த இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அப்புறம், தோல் எதனால் ஆனது என்று கண்டுபிடியுங்கள். ஒரே வண்டியில் மூன்று நான்கு பொருள் இருக்கும். டிரைவர் பக்கத்துக் கதவும் பானெட்டும் பெரும்பாலும் இரும்புத் தகடு. பக்கச் சுவர் ஃபைபர் கிளாஸ் அல்லது அலுமினியம். கூரை ரப்பர் ஷீட்டாகவும் இருக்கலாம். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், தட்டும்போது தகரச் சத்தம் கேட்டால் அலுமினியம். ஃபைபர் என்றால் இன்னொரு சோதனை: வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, மறைவான ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே இருப்பது ஜெல் கோட் (ஃபைபரோடு சேர்த்து வார்த்த நிறப் பூச்சு), அல்லது கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சு) இல்லாத பழைய பாணிப் பெயின்ட். நிறம் ஏறவில்லை என்றால் மேலே கிளியர் கோட் இருக்கிறது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், ஜெல் கோட் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். அதாவது பத்தில் ஒரு பங்கு. ஜெல் கோட்டில் தாங்கும் தேய்ப்பு கிளியர் கோட்டில் தாங்காது.

## சுவர் உப்பியிருக்கிறது, தட்டினால் சத்தம் மாறுகிறது

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தில் சுவரோடு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். அலை அலையாகவோ, ஒரு இடத்தில் புடைத்தோ தெரிந்தால் அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல இடத்தில் கெட்டியான சத்தம் வரும். ஒட்டு விட்டுப்போன இடத்தில் பொத்தென்று தளர்ந்த சத்தம் வரும். அழுத்தினால் உள்ளே போய்த் திரும்புகிறதா என்றும் பாருங்கள். உள்பக்கம் வால்பேப்பர் சுருங்கியிருந்தாலோ, அலமாரிக்குள் பூஞ்சை வாடை அடித்தாலோ சந்தேகமே வேண்டாம்.

தண்ணீர் புகுந்த இடம் உப்பிய இடத்திலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது மேலிருந்து வழிந்து வந்திருக்கும். உப்பலுக்கு நேர் மேலே போய்க் கூரை ஓரத்து அலுமினியப் பட்டை, ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பு, உச்சி விளக்கு, ஆனிங் (வெளியே விரிக்கும் வெயில் மறைப்பு) கம்பி மாட்டிய போல்ட் எல்லாவற்றையும் பாருங்கள். அங்கே இணைப்பை அடைத்திருக்கும் சீலன்ட் வெடித்திருக்கும், அல்லது ஒரு பக்கம் விட்டுக்கொண்டு நிற்கும். நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கிளம்பி வந்தால் அது வேலை செய்யவில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் கையில் எடுப்பது வீட்டுக் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் டியூப். வேண்டாம். சிலிக்கான் ஒரு முறை படிந்துவிட்டால் அதன் மேல் வேறு எதுவும் சரியாக ஒட்டாது, அடுத்த வருடம் புதுச் சிலிக்கான்கூட ஒட்டாது. முழுதாகச் சுரண்டி எடுத்தாலும் எண்ணெய்ப்படலம் போல ஒன்று மிஞ்சும். கூரையில் இருக்கும் கிடைமட்ட இணைப்புகளுக்குத் தானாகப் பரவிச் சமமாகும் கூரைச் சீலன்ட்டும், செங்குத்தான இடங்களுக்கு வழியாத வகையும் தனித்தனியாகக் கிடைக்கும். பரவும் வகையைச் சுவரில் போட்டால் காலையில் வந்து பார்க்கும்போது பாதி கீழே ஒழுகியிருக்கும். ஜன்னலையோ விளக்கையோ கழற்றிப் பூட்டுவதாக இருந்தால் சட்டத்துக்கு அடியில் புது பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைக்க வேண்டும். வெளியே சுற்றிப் பூசுவது மட்டும் போதாது.

ஓட்டையை அடைத்துவிட்டால் உப்பல் தானாகப் படியாது. உள்ளே ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகே பசை ஏற்றி அழுத்தி ஒட்ட முடியும். மரம் மெத்தென்று ஆகிவிட்டால் அதை வெட்டி எடுக்க வேண்டும். இது பட்டறை வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூரை ஏறிச் சீலன்ட்டைப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் இந்த நிலை வராது. ஏறும்போது கூரை ஈரமாக இருக்கக் கூடாது. எடை ஒரே இடத்தில் இறங்காமல் ஒரு பலகை போட்டு அதன் மேல் முழங்காலிடுங்கள்.

## முகப்பில் பெயின்ட் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருக்கிறது

முன் பம்பர், பானெட் விளிம்பு, பக்கக் கண்ணாடியின் முதுகு, டிரைவர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில் அந்த நெற்றிப் பகுதி. கல் அடிப்பது இங்கேதான். கல்லின் வேகத்தைவிட உங்கள் வேகம்தான் கணக்கு. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்கு, அடி கூடுவது பாதிக்கும் மேல். ஜல்லி பரப்பிய சாலையில் முன்னே போகும் லாரியை விட்டு நன்றாக விலகி வருவதைவிட மலிவான பாதுகாப்பு எதுவும் கிடையாது.

புள்ளியை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை, வெள்ளையாக மட்டும் தெரிகிறது என்றால் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. பாலிஷில் மங்கிவிடும், விட்டாலும் தப்பில்லை. நகம் மாட்டி, உள்ளே சாம்பல் நிற அடிப்பூச்சான பிரைமர் தெரிந்தால் டச்சப் போட வேண்டும், ஆனால் அவசரமில்லை. இரும்பே தெரிந்தால் இந்த வாரமே செய்யுங்கள். துரு பெயின்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். மேலே கடுகளவு தெரியும்போதே அடியில் அதைவிடப் பெரிதாக ஓடியிருக்கும்.

டச்சப் முறை இதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மெழுகை எடுங்கள். துரு இருந்தால் கூர்முனையால் பளபளப்பு வரும்வரை சுரண்டுங்கள். பிரைமர் ஒரு பொட்டு, காயட்டும். பெயின்ட்டை மூடியோடு வரும் தடித்த பிரஷ்ஷால் வைக்காதீர்கள். தீக்குச்சி முனையாலோ மெல்லிய தூரிகையாலோ குழிக்குள் மட்டும் வையுங்கள். பெயின்ட் காயும்போது சுருங்கும். அதனால் ஒரே பொட்டில் நிரப்பாமல் இரண்டு மூன்று தடவையாக ஏற்றி, கடைசியில் கிளியர். மேடு கொஞ்சம் நின்றால், கிளியர் நன்றாக இறுகிய பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்துப் பாலிஷ் போடலாம்.

ஃபைபரில் துரு இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். ஜெல் கோட் பெயர்ந்து இழை தெரிந்தால் அந்த இழை ஈரத்தை இழுக்கும். அதற்கு ஜெல் கோட் ரிப்பேர் பேஸ்ட்தான் சரி. சாதாரண ஜெல் கோட் காற்று படும் மேற்பரப்பில் சரியாக இறுகாமல் பிசுபிசுக்கும். பூசியதும் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடினால் இறுகிவிடும். அடியில் எபாக்ஸி போட்டு நிரப்பிவிட்டு மேலே பாலியெஸ்டர் ஜெல் கோட் பூசுவதைத் தவிருங்கள், பிடிப்பு சரியாக வராது.

விரிசலாக இருந்தால் அதன் வடிவத்தைக் கவனியுங்கள். ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கோடு பிரிந்து ஓடினால் கல்லடி. ஜன்னல் மூலையிலிருந்தோ கதவுச் சட்டத்திலிருந்தோ கோடுகள் வரிசையாக ஓடினால் வண்டி குலுங்கும்போது அந்த இடம் வளைகிறது என்று அர்த்தம். முதலாவதை நிரப்பினால் தீர்ந்தது. இரண்டாவதை நிரப்பினால் அடுத்த பயணத்திலேயே திரும்ப வெடிக்கும். அடியில் தளர்ந்த போல்ட், விட்டுப்போன தாங்கி எது என்று தேடிச் சரிசெய்த பிறகே பூச்சு.

சரி, இனி கல்லே படாமல் காப்பது எப்படி? தடிமன் உள்ள எதாவது ஒன்று நடுவில் நிற்க வேண்டும். பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் என்று விற்கும் பாலியூரித்தேன் படலம் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் இருக்கும். அது கல்லின் அடியை வாங்கிக்கொள்ளும். செராமிக் கோட்டிங் சில மைக்ரான்தான். அழுக்கு ஒட்டாமல் இருக்கவும் கழுவ எளிதாகவும் அது நல்லது, கல்லை நிறுத்தும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முழு வண்டிக்கும் ஃபிலிம் போடுவது வீண் செலவு என்பது என் கருத்து. நெற்றி, பானெட்டின் முன் விளிம்பு, பக்கக் கண்ணாடி, பின் சக்கரத்துக்கு முன்னே இருக்கும் கீழ்ப்பகுதி, இவ்வளவு போதும்.

வண்டியின் முகப்புக்குத் துணி முகமூடி மாட்டுபவர்களும் உண்டு. அதற்கு அடியில் புழுதி புகுந்துவிட்டால் காற்றில் துணி அதிர அதிர உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல பெயின்ட் மங்கிவிடும். மழையில் நனைந்தால் ஈரமும் உள்ளே நிற்கும். மாட்டுவதானால் இரண்டு பக்கமும் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், ஊர் சேர்ந்ததும் கழற்றுங்கள்.

## ஒட்டிய ஃபிலிம் கொப்பளிக்கிறது, ஓரம் கிளம்புகிறது

ஒட்டிச் சில நாள்தான் ஆகிறது, கொப்பளத்தை அழுத்தினால் நகர்கிறது என்றால் அது ஒட்டும்போது தங்கிய தண்ணீர். வெயில் பட்டால் தானாகப் போய்விடும், ஊசி குத்த வேண்டாம். பல மாதம் கழித்துப் புதிதாக வந்த கொப்பளம் வேறு கதை. அடியில் பெயின்ட்டே பிடிப்பை விடுகிறது, அல்லது துரு கிளம்புகிறது. அந்த இடத்தில் ஃபிலிமை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சூடு காட்டி, மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு தோலாகப் படுத்தவாக்கில் மெதுவாக உரியுங்கள். மறுபடி பெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் ஃபிலிமோடு பெயின்ட்டும் வரலாம் என்பதை எதிர்பார்த்தே கை வையுங்கள்.

ஓரம் மட்டும் கிளம்பினால் பெரும்பாலும் பிரஷர் வாஷர் வேலை. முனையை ஓரத்துக்கு நேராகக் காட்டினால் எந்தப் பசையும் தாங்காது. ஃபிலிம் ஓரம், ஸ்டிக்கர், ஜன்னல் ரப்பர், கூரைச் சீலன்ட் நான்குக்கும் பிரஷர் வாஷர் ஆகாது.

வெள்ளைப் பொடி பூத்த ஜெல் கோட்டின் மேலோ, புதிதாக அடித்து இன்னும் ஆறாத பெயின்ட்டின் மேலோ ஃபிலிம் ஒட்டாதீர்கள். எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று பெயின்ட் அடித்தவரிடமே கேளுங்கள், பெயின்ட்டுக்குப் பெயின்ட் மாறும்.

## முகப்புக் கண்ணாடியில் கல் தெறித்த தழும்பு

முகப்புக் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்த அடுக்கு. வெளி அடுக்கு மட்டும் உடைந்து, தழும்பு ஒரு நாணய அளவுக்குள் இருந்தால் பிசின் ஏற்றிச் சரிசெய்யலாம். ஆனால் அழுக்கோ தண்ணீரோ உள்ளே போவதற்கு முன் செய்ய வேண்டும். கண்டவுடன் மேலே ஒரு துண்டு ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். டிரைவரின் பார்வை நேர்க்கோட்டில் இருந்தால் டேப் போட்டு ஓட்ட முடியாது, அதை அன்றைக்கே காட்டிவிடுங்கள். சரிசெய்யும்வரை கண்ணாடிமேல் சூடான காற்றையோ ஏசியையோ முழு வேகத்தில் அடிக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடு மாறினால் தழும்பு கோடாக ஓடும். மோட்டார்ஹோம் கண்ணாடி பெரிது, வண்டி திருகும்போது அதுவும் கொஞ்சம் திருகும் என்பதால் கோடு ஓடுவது சீக்கிரமே நடக்கும்.

## பக்கவாட்டு ஜன்னலில் மெல்லிய கோடுகள் பூத்திருக்கின்றன

நிறைய மோட்டார்ஹோம்களில் தங்கும் பகுதியின் ஜன்னல் கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், ஆல்கஹால், தார் நீக்கும் கரைப்பான் மூன்றும் அதற்குப் பகை. மேற்பரப்பில் சிலந்தி வலைபோல நுண்விரிசல் பூத்துவிட்டால் திரும்பாது. மேலோட்டமான கீறலை அக்ரிலிக்குக்கான பாலிஷால் போக்கலாம். கழுவும்போது தண்ணீரும் கொஞ்சம் ஷாம்புவும் போதும். காய்ந்த புழுதியின் மேல் உலர்ந்த துணி படவே கூடாது.

## சுவரில் கோடு கோடாக வழிந்த கறை

நிறம் பார்த்தால் காரணம் தெரியும். கறுப்புக் கோடு கூரையில் சேர்ந்த புழுதியும் புகையும் மழையோடு வழிந்தது. வெள்ளைக் கோடு பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர் கூரை வெயிலில் பொடிந்து கரைந்தது. பழுப்புக் கோடு ஒரு திருகாணி துருப்பிடிக்கிறது என்பதன் அடையாளம். அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். திருகாணிக்கு ஈரம் எட்டியிருக்கிறது என்றால் அதன் பின்னால் சுவருக்கும் எட்டியிருக்கலாம். சுவர் உப்புவதைப் பற்றிய பகுதிக்குத் திரும்பிப் போய்ச் சீலன்ட்டைப் பாருங்கள்.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் மருந்து கூரையில் இருக்கிறது. சுவரை எத்தனை தடவை தேய்த்தாலும் கூரை அழுக்காக இருந்தால் அடுத்த மழையில் கோடு திரும்ப வரும். கூரையை முதலில் கழுவுங்கள், கழுவும்போதே சுவரையும் நனைத்துக்கொண்டே இருங்கள். ரப்பர் கூரையில் பெட்ரோலியம் கலந்த கிளீனர் கூடாது, ரப்பர் ஊதிப் பிடிப்பை விடும். சுவருக்குச் சோப்பைக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். உலர்ந்த அழுக்கின் மேல் சோப்பு வழிந்தால் அதுவே ஒரு கோடு போடும். தண்ணீர் வடியும் மூலைகளில் வெளியே நீளும் சிறு குழாய் மூக்கு மாட்டினால் தண்ணீர் சுவரில் படாமல் தள்ளி விழும். சின்னச் சாமான், பலன் பெரிது.

## நிறம் வெளுத்து, கை வைத்தால் மாவு ஒட்டுகிறது

கறுப்புத் துணியால் துடையுங்கள். வெள்ளைப் பொடி ஏறினால் ஜெல் கோட் வெயிலில் பொடிகிறது. கழுவி, மென்மையான பாலிஷிலிருந்து தொடங்குங்கள். அது போதாவிட்டால் மட்டும், அதைவிடக் கடுமையாகத் தேய்க்கும் காம்பவுண்டு. ஒரு கதவகலம் முடித்துப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பளபளப்பு வந்த பிறகு வாக்ஸ் அல்லது பெயின்ட் சீலன்ட் (இணைப்பை அடைக்கும் சீலன்ட் அல்ல, பளபளப்பைக் காக்கும் மேல்பூச்சு) போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் திறந்து வைத்த பரப்பு இன்னும் வேகமாகப் பொடியும்.

பொடி இல்லாமல் தோல் உரிவதுபோலத் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தால் கிளியர் கோட் விட்டுவிட்டது. அதற்கு எந்தப் பாலிஷும் கிடையாது, தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

## பின்சுவர் எப்போதும் அழுக்கு, பின்னால் கட்டிய கார் அடிபடுகிறது

பெட்டி வடிவ வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் அழுத்தம் குறைந்து காற்று சுழலும். சக்கரம் கிளப்பும் புழுதியை அந்தச் சுழல் இழுத்துப் பின்சுவரில் அப்பும். இதை முழுதாக நிறுத்த முடியாது. மட் ஃபிளாப் சரியான உயரத்தில் இருந்தால் குறையும். அடிக்கடி வாக்ஸ் போட்டு வைத்தால் கழுவ எளிது.

காரைப் பின்னால் கட்டி இழுப்பவர்கள் அகலம் முழுக்கத் தொங்கும் ரப்பர் தடுப்பு மாட்டுவார்கள். மாட்டும் முன் சைலன்சர் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சூடு நேராகப் பட்டால் ரப்பர் உருகும், அந்த இடத்தில் தகடு வைத்து மறைக்க வேண்டும். தடுப்பு தரைக்கு மிக நெருங்கினாலும் தொல்லை. ஜல்லியில் உரசி, அதுவே கல்லைக் கிளப்பிக் காரின் மேல் போடும். காருக்குத் தனியாக ஒரு கவசம் இருந்தால் இன்னும் நல்லது.

## சக்கரத்தைச் சுற்றிச் செம்புள்ளிகள், அடிப்பகுதியில் துரு

வெள்ளைச் சுவரில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் வந்தால் பதறாதீர்கள். ஃபைபர் துருப்பிடிக்காது. பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள் பெயின்ட்டில் பதிந்து துருப்பிடித்திருக்கிறது. இரும்பு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் கரையும்போது ஊதாவாக மாறும். நாற்றம் தாங்காது, ஆனால் வேலை செய்யும். வெயிலில் காயவிடாமல் அலசிவிடுங்கள்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வரும் துரு நிஜத் துரு. உப்புத் தூவிய சாலையிலோ கடலோரமோ ஓடினால் திரும்பியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அலசுங்கள். சக்கர வளைவின் உள் விளிம்பில் சேறு தங்கியிருக்கும், அங்கே கையை விட்டு எடுங்கள். பூச்சுக்கு மெழுகு அல்லது லேனோலின் வகை நல்லது, ஊடுருவிப் போகும், கீறினாலும் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். தடித்த ரப்பர் பூச்சு விரிசல் விட்டால் அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெளியே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். எதை அடித்தாலும் பிரேக் டிஸ்க், சைலன்சர், மின் இணைப்பு மூன்றையும் மூடிவிட்டு அடியுங்கள்.

குனிந்தது குனிந்தபடி கழிவுநீர்த் தொட்டியின் வால்வையும் பாருங்கள். பின் சக்கரம் எறியும் கல் நேராக விழும் இடத்தில் அது இருந்தால் முன்னால் ஒரு தகடு மாட்டுங்கள்.

## மிச்சம் மீதி

ஹெட்லைட் மஞ்சள் பூத்தால் பாலிகார்பனேட்டின் மேல் இருந்த பாதுகாப்புப் பூச்சு போய்விட்டது. தேய்த்துத் தெளிவாக்கினாலும் புதிய பூச்சு போடாவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி மஞ்சள்தான்.

பூச்சிக் கறையை அன்றைக்கே எடுங்கள், காய்ந்தால் அதன் அமிலம் கிளியர் கோட்டைத் தின்னும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்திவிட்டால் ஊறி வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் நார் வேண்டாம்.

ஸ்டிக்கர் வெடித்திருந்தால் ஹேர் டிரையர் சூட்டில் பிளாஸ்டிக் பிளேடால் தூக்குங்கள். அடியில் வெளுக்காத நிறம் நிழல்போல மிஞ்சும். பாலிஷில் குறையும், முழுதாகப் போகாது. அதே அளவில் புது ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம்.

டயரின் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் அதன் மேல் பளபளப்பு எண்ணெய் தடவி மறைக்காதீர்கள். பக்கத்தில் அச்சிட்ட தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மோட்டார்ஹோம் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும். டயரின் பட்டன் (தரையில் படும் வெட்டுப் பள்ளம்) ஆழமாக இருந்தாலும் வெடிப்போடு வயதும் ஆகிவிட்டால் மாற்றுங்கள். அதிக நாள் நிறுத்தி வைக்கும்போது வெயில் படும் பக்கத்து டயர்களுக்கு மூடி மாட்டுங்கள்.